சளி பிடித்தால் எலுமிச்சையும் ஆரஞ்சும் என்ன செய்யும், என்ன செய்யாது?

குளிர்காலத்தில் மூக்கு ஒழுக ஆரம்பித்ததுமே பக்கத்தில் இருப்பவர்களில் ஒருவர் "வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடி" என்பார், இன்னொருவர் "ஐயோ, புளிப்பு வேண்டாம், சளி கட்டிக்கொள்ளும்" என்பார், மூன்றாமவர் பேசாமல் வைட்டமின் சி மாத்திரையை எடுத்து நீட்டுவார். மூன்று பேருமே அக்கறையோடுதான் சொல்கிறார்கள். தொண்டையும் வலித்து தலையும் கனத்து உட்கார்ந்திருப்பவருக்குத்தான் யார் பேச்சைக் கேட்பது என்று புரியாது. நானும் அப்படிக் குழம்பியிருக்கிறேன், அதனால் தெரிந்துகொண்டதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பழமும் சளியைக் குணப்படுத்தாது. ஆனால் சளி இருக்கும் நாட்களின் அவதியைக் குறைக்க எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி போன்ற பழங்கள் உதவும். நோயை விரட்டுவது ஒரு வேலை, நோயாளிக்கு ஆறுதல் தருவது வேறு வேலை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் வீட்டு வைத்தியம் பற்றி வரும் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

சளி எங்கிருந்து வருகிறது

சளி ஒரு வைரஸ் தொற்று. ஒரே ஒரு வைரஸ் என்றால் இந்நேரம் தடுப்பூசி வந்திருக்கும். 200-க்கும் மேற்பட்ட வைரஸ்கள் இதே மூக்கொழுகலையும் தும்மலையும் உண்டாக்குகின்றன. அவற்றில் அதிகம் தட்டுப்படுவது ரைனோவைரஸ். கிரேக்க மொழியில் மூக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது, பொருத்தமான பெயர்தான். உடம்பின் உள்வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் என்றால் மூக்கின் உட்பக்கம் அதைவிட மூன்று நான்கு டிகிரி குறைவாக இருக்கும், பல ரைனோவைரஸ்கள் அந்தக் குளிர்ச்சியில்தான் நன்றாகப் பெருகுகின்றன. குளிர்காலத்தில் கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு எல்லாரும் ஒரே அறையில் இருக்கிறோம், காற்றில் ஈரம் குறைந்து மூக்கின் உள்சவ்வு காய்ந்துபோகிறது, பிறகென்ன, ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்ற எல்லாம் தயாராக இருக்கிறது.

வைரஸ் உள்ளே போய் ஒன்று முதல் மூன்று நாளில் தொண்டை கரகரக்கும். அப்புறம் மூக்கொழுகல், அடைப்பு, இருமல். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று, இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதி வைரஸ் நேராகச் செய்வது கிடையாது, அதை எதிர்த்து நம் உடம்பு செய்யும் வேலையின் விளைவு. மூக்கினுள் இருக்கும் ரத்தக் குழாய்கள் வீங்குவதால்தான் அடைப்பு. சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறுவதுகூடப் போராடிய வெள்ளை அணுக்களில் இருக்கும் ஒரு பச்சை நிற நொதியால்; நிறம் மாறிவிட்டது என்பதை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் கேட்க வேண்டியதில்லை.

பெரும்பாலானவர்களுக்கு 7 முதல் 10 நாளில் தானாகச் சரியாகிவிடும், இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கலாம். இந்தத் 'தானாகச் சரியாகும்' என்பதுதான் விஷயம். மூன்றாம் நாள், நான்காம் நாள் அவதி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் எதையாவது குடிக்கிறோம். அதற்கு மேல் எப்படியும் இறங்குமுகம்தான். கடைசியாகக் குடித்தது எதுவோ அதற்குப் பெயர் போய்விடும். ஒவ்வொரு வீட்டிலும் 'எங்களுக்கு இது கைகண்ட மருந்து' என்று ஒன்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்கள் பொய் சொல்லவில்லை, கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள்.

எலுமிச்சைக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது

இது கடலில் ஆரம்பித்த கதை. பல மாதம் கப்பலிலேயே இருந்த மாலுமிகளுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், ஆறிப்போன பழைய காயம்கூடத் திறந்துகொள்ளும், கடைசியில் உயிர் போகும். அந்த நோய்க்கு ஸ்கர்வி என்று பெயர். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர், சால்ஸ்பரி என்ற கப்பலில் இந்த நோய் கண்ட 12 பேரை ஆறு ஜோடியாகப் பிரித்து, ஜோடிக்கு ஒன்றாக வினிகர், கடல்நீர், ஆப்பிள் மது என்று விதவிதமாகக் கொடுத்துப் பார்த்தார். ஒரு ஜோடிக்கு மட்டும் தினமும் இரண்டு ஆரஞ்சு, ஒரு எலுமிச்சை. ஆறாவது நாளே பழம் தீர்ந்துபோனது, ஆனால் அதற்குள் அந்த இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பிவிட்டார், மற்றவர் மீதி நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் அளவுக்குத் தேறிவிட்டார். இவ்வளவு தெளிவாகத் தெரிந்தும் கடற்படை எல்லாருக்கும் எலுமிச்சைச் சாறு கொடுக்க முடிவெடுத்தது 1795-ல்தான்.

ஸ்கர்வி வைட்டமின் சி இல்லாமல் வரும் நோய் என்பது 20-ஆம் நூற்றாண்டில்தான் புரிந்தது. பெரும்பாலான விலங்குகள் தங்களுக்கு வேண்டிய வைட்டமின் சி-யை உடம்பிலேயே செய்துகொள்கின்றன. மனிதர்களுக்கு அந்த வேலையைச் செய்யும் மரபணு செயலிழந்து கிடக்கிறது, அதனால் சாப்பாட்டில் வந்தால்தான் உண்டு. இதைப் பிரித்தெடுத்து ஆராய்ந்த ஹங்கேரி விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜிக்கு 1937-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கேதான் ஒரு தாவல் நடந்தது. ஸ்கர்வியை இவ்வளவு வேகமாகத் தீர்க்கும் பொருள் மற்ற நோய்களையும் தீர்க்காதா என்று யோசிக்கத் தோன்றும் அல்லவா? வேதியியலுக்கும் அமைதிக்குமாக இரண்டு நோபல் பரிசு வாங்கிய லைனஸ் பாலிங் 1970-ல், தினமும் 1 கிராமோ அதற்கு மேலோ வைட்டமின் சி எடுத்தால் சளியைத் தடுக்கலாம் என்று புத்தகமே எழுதினார். அவ்வளவு பெரிய மனிதர் சொன்னதால் உலகம் முழுக்க அந்த நம்பிக்கை வேரூன்றிவிட்டது.

ஆனால் ஸ்கர்வி குறைபாட்டு நோய், சளி தொற்று நோய். பட்டினி கிடந்து விழுந்தவனுக்குச் சோறு போட்டால் எழுந்து நடப்பான். வயிறு நிறைந்தவனுக்கு இன்னும் இரண்டு பங்கு போட்டால் ஓட மாட்டான். வைட்டமின் சி விஷயமும் ஏறக்குறைய அப்படித்தான்.

சோதனைகள் சொல்வது

இதைப் பல ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான பேரிடம் சோதித்திருக்கிறார்கள். மருத்துவச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு, அந்தச் சோதனைகளை ஒன்றாகச் சேர்த்து அலசிய ஆய்வறிக்கை ஒன்று 2013-ல் வந்தது, 29 சோதனைகள், 11,000-க்கும் மேற்பட்டவர்கள். தினமும் 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ வைட்டமின் சி எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் சளி பிடிப்பது ஏறக்குறைய ஒரே அளவுதான். பிடித்த சளி நீடிக்கும் காலம் மட்டும் கொஞ்சம் குறைந்தது, பெரியவர்களுக்கு சுமார் 8 சதவீதம், குழந்தைகளுக்கு சுமார் 14 சதவீதம். பத்து நாள் சளியில் பெரியவருக்கு முக்கால் நாள் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் சளி வருவதற்கு முன்பிருந்தே தினமும் எடுத்து வந்தவர்களுக்கு. சளி பிடித்த பிறகு மாத்திரையைப் பிரித்தவர்களுக்கு நம்பிச் சொல்லும்படி எந்தப் பலனும் தெரியவில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. மாரத்தான் ஓடுபவர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், கடும் குளிரில் பயிற்சி செய்யும் ராணுவ வீரர்கள், இவர்களுக்கு மட்டும் சளி பிடிக்கும் வாய்ப்பே பாதியாகக் குறைந்தது. உடம்பைக் கடுமையாக வருத்திக்கொள்பவர்களுக்கு அது உதவுகிறது. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் போய்வரும் நமக்கு அதே கணக்கு பொருந்தாது.

ஆக, குளிர்காலம் முழுக்க தினமும் பழம் சாப்பிடுவதில் ஒரு அர்த்தம் இருக்கிறது. தும்மல் வந்த அன்று ஒரே மூச்சில் நாலு கிளாஸ் ஜூஸ் குடிப்பதில் அது இல்லை. உடம்பு ஓரளவுக்கு மேல் வைட்டமின் சி-யைச் சேர்த்து வைப்பதில்லை, மிஞ்சியது சிறுநீரில் போய்விடும். மாத்திரையாக ஒரு நாளைக்கு 2 கிராமைத் தாண்டினால் வயிற்றுப்போக்கு வரலாம், சிறுநீரகக் கல் தொல்லை உள்ளவர்கள் அந்த அளவு பக்கமே போகக் கூடாது. பழமாகச் சாப்பிட்டு அந்த அளவை எட்டுவது நடக்காத காரியம், அதனால் பழத்துக்கு இந்தப் பயம் வேண்டாம்.

எந்தப் பழத்தில் எவ்வளவு என்று பார்த்தால் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. ஒரு நடுத்தர ஆரஞ்சில் சுமார் 70 மில்லிகிராம் வைட்டமின் சி. பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவை, எந்த நாட்டுப் பட்டியலைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து, 40-லிருந்து 110 மில்லிகிராம் வரை. அதாவது ஒரு ஆரஞ்சோ ஒன்றரை ஆரஞ்சோ போதும். சுலபமாகத் தோலுரியும் கமலா ஆரஞ்சில் இதில் பாதிதான், 100 கிராமுக்கு 27 மில்லிகிராம் அளவில். எல்லாரும் கொண்டாடும் எலுமிச்சையில்? அரைப் பழம் பிழிந்தால் கிடைப்பது சுமார் 10 மில்லிகிராம், அவ்வளவுதான். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. வைட்டமின் சி-தான் குறி என்றால் எலுமிச்சை வெந்நீர் அதற்கு நல்ல வழியே இல்லை.

பிரிட்டிஷ் கடற்படையே இதில் ஒருமுறை அடிபட்டது. 1860-களில் பெரிய எலுமிச்சைக்குப் பதிலாகச் சிறிய பச்சை எலுமிச்சையின் சாற்றுக்கு மாறினார்கள், அதில் வைட்டமின் சி இயல்பாகவே குறைவு. போதாக்குறைக்குச் சாற்றைச் செம்புக் குழாய்களில் ஓட்டி, நீண்ட நாள் சேமித்தும் வைத்ததில் இருந்ததும் அழிந்தது. 1875-ல் வட துருவம் நோக்கிப் போன பயணத்தில் அந்தச் சாற்றைக் கொண்டுபோயும் ஸ்கர்வி வந்துவிட்டது. வைட்டமின் சி காற்றிலும் சூட்டிலும் வெளிச்சத்திலும் சிதையக்கூடியது. காலையில் பிழிந்து வைத்த சாற்றை ராத்திரி குடிப்பதைவிட, வேண்டும்போது பழத்தை நறுக்குவது நல்லது.

அப்படியானால் அந்தக் கோப்பை ஏன் இதமாக இருக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வைட்டமின் கணக்கு பெரிதாக இல்லை என்று தெரிந்த பிறகும், சளி பிடித்தால் நான் எலுமிச்சை வெந்நீர்தான் போட்டுக் குடிக்கிறேன், ஏனென்றால் அது வேறு வழிகளில் வேலை செய்கிறது.

முதலாவது சூடு. 2008-ல் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் சளி பற்றி ஆராயும் மையத்தில் சளி பிடித்த 30 பேருக்கு ஒரே பழ பானத்தைச் சிலருக்குச் சூடாகவும் சிலருக்கு அறை வெப்பத்திலும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறிய பானம் குடித்தவர்களுக்கும் மூக்கொழுகல், இருமல், தும்மல் கொஞ்சம் குறைந்ததாகத் தோன்றியது. சூடாகக் குடித்தவர்களுக்கோ அவற்றோடு தொண்டை வலி, குளிர் நடுக்கம், அசதி ஆகியவையும் உடனே குறைந்தன. அந்தப் பானத்தில் எலுமிச்சை இல்லை, ஆப்பிளும் கருந்திராட்சை போன்ற ஒரு பழமும்தான். பழம் எது என்பதைவிடச் சூடும் சுவையும் எவ்வளவு முக்கியம் என்பது இதில் தெரிகிறது.

இரண்டாவது புளிப்பு. எலுமிச்சையை நறுக்குவதை நினைத்தாலே தாடைக்குக் கீழே ஒரு கூச்சம் வந்து வாயில் நீர் ஊறும், இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஊறியிருக்கலாம். அந்த உமிழ்நீர்தான் வறண்டு கரகரக்கும் தொண்டையை நனைக்கிறது, பின்தொண்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சளியை விழுங்கவும் துப்பவும் எளிதாக்குகிறது. இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். மூக்கு அடைத்துக்கொண்டால் வாசனை தெரியாது, வாசனை இல்லாமல் சாப்பாட்டில் பாதிச் சுவை போய்விடும், எதை வாயில் போட்டாலும் சக்கை மாதிரி இருக்கும். ஆனால் புளிப்பையும் இனிப்பையும் நாக்கே அறியும், அதற்கு மூக்கு தேவையில்லை. சாப்பாடே இறங்காத நாளில் ஒரு ஆரஞ்சுச் சுளை மட்டும் ருசியாக இருப்பது அதனால்தான். சளி நாட்களில் எதுவும் வேண்டாம் என்று படுத்திருப்பவர் இரண்டு சுளையும் ஒரு கோப்பைத் தண்ணீரும் உள்ளே அனுப்பினாலே அது பெரிய உதவி.

மூன்றாவது தேன். இரவில் தூங்கவிடாத இருமலுக்குப் படுக்கும் முன் கொடுக்கும் ஒரு ஸ்பூன் தேன் நன்றாகக் கேட்கிறது என்பதைக் குழந்தைகளிடம் செய்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. எலுமிச்சையும் தேனும் சேர்ந்த கோப்பையில் இருமலைத் தணிக்கும் வேலை பெரும்பாலும் தேனுடையது. நான்காவது வெறும் தண்ணீர், அதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, காய்ச்சலும் மூக்கொழுகலும் இருக்கும்போது உடம்பு நீரை இழக்கிறது, அது திரும்ப வர வேண்டும்.

சரி, எப்படிப் போடுவது? பழத்தை முதலில் நன்றாகக் கழுவுங்கள், தோலில் மெழுகோ பூச்சிமருந்தோ இருக்கலாம். மேடை மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தி நாலு முறை உருட்டினால் உள்ளே சாற்றுப் பைகள் உடைந்து பிழிய எளிதாக இருக்கும். 200 அல்லது 250 மில்லி தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கோப்பையில் ஊற்றி, கோப்பையை இரண்டு கையாலும் சுகமாகப் பிடித்துக்கொள்ள முடிகிற அளவுக்கு ஆறவிடுங்கள். அதன் பிறகு அரைப் பழத்தைப் பிழிந்து, ஒரு ஸ்பூனோ இரண்டு ஸ்பூனோ தேன் கலக்கவும். இஞ்சி வேண்டுமென்றால் அதைத் தண்ணீரோடு முதலிலேயே கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள், எலுமிச்சையைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும்.

இந்த வரிசையை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு தடவை அவசரத்தில் பழத்தைத் தோலோடு வட்டமாக நறுக்கித் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டேன். வாயில் வைக்க முடியாத கசப்பு. தோலுக்கும் சுளைக்கும் நடுவே இருக்கும் வெள்ளைப் பகுதியிலும் விதையிலும் கசப்புப் பொருட்கள் இருக்கின்றன, கொதிநீர் அவற்றை வெளியே இழுத்துவிடும். இருந்த கொஞ்சம் வைட்டமினும் குறைந்திருக்கும். ஆறவிட்டுப் பிழிவதில் இன்னொரு நன்மை, 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் வழக்கம் உணவுக்குழாயில் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் சொல்லியிருக்கிறது. இதமான சூடு போதும்.

'புளிப்பு ஆகாது' என்பவர்கள் சொல்வதில் உண்மை உண்டா?

ஆரஞ்சு சாப்பிட்டதால் சளி பிடித்தது என்பது சரியில்லை, வைரஸ் வராமல் சளி வராது. ஆனால் அவர்கள் கண்டதில் ஒரு பாதி நிஜம் இருக்கிறது. தொண்டை புண்ணாகிச் சிவந்திருக்கும்போது கெட்டியான எலுமிச்சைச் சாறு பட்டால் எரியும், எரிச்சலில் இருமல் கிளம்பும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு, முக்கியமாகப் படுக்கும் முன் குடித்தால், அமிலம் மேலேறி வந்து தொண்டையைச் சீண்டி இருமலைக் கூட்டும். அப்படிப்பட்டவர்கள் எலுமிச்சையைக் குறைத்துத் தேன் வெந்நீர் மட்டும் குடிக்கலாம், பழம் வேண்டுமென்றால் புளிப்பு குறைந்த சாத்துக்குடி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பழம் தொண்டைக்குச் சில்லென்று இருந்தால் கொஞ்ச நேரம் வெளியே வைத்துச் சாப்பிட்டால் தீர்ந்தது.

கவனமாக இருக்க வேண்டிய இடங்கள்

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. ஒரு துளி நாக்கில் தடவுவதும் வேண்டாம். தேனில் சில சமயம் இருக்கும் ஒரு பாக்டீரியாவின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும், மூச்சுவரைக்கும் பாதிக்கும். பெரியவர்களின் குடலில் அவை முளைக்காது என்பதால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. அதை வைத்துக் குழந்தைக்கும் பரவாயில்லை என்று நினைத்துவிடக் கூடாது.

பல். இது என் சொந்த அனுபவம். ஒரு சளியின்போது பெரிய பாட்டில் நிறைய எலுமிச்சைத் தண்ணீர் கலந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, காலை முதல் ராத்திரி வரை வாய் வாயாக உறிஞ்சினேன். நல்லதுதானே செய்கிறோம் என்ற நினைப்பு. நான்கைந்து நாளில் குளிர்ந்த தண்ணீர் பல்லில் பட்டால் சுரீர் என்றது. காரணம் எளிமையானது. பல்லின் மேல்பூச்சான எனாமல், புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5.5-க்குக் கீழே போனால் கரைய ஆரம்பிக்கும், எலுமிச்சைச் சாற்றின் அளவு 2-க்குக் கொஞ்சம் மேல். தண்ணீர் கலந்தாலும் புளிப்பு புளிப்புதான். நாள் முழுக்க உறிஞ்சினால் பல் தேறிக்கொள்ள இடைவெளியே கிடைக்காது. ஒரு கோப்பையை ஒரு தடவையாகக் குடித்துவிட்டு வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். உடனே பல் துலக்க வேண்டாம், அமிலத்தில் இளகியிருக்கும் எனாமலை பிரஷ் தேய்த்துவிடும். அரை மணி நேரமாவது போகட்டும்.

மருந்து சாப்பிடுபவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய ஆரஞ்சு போல இருக்கும் கசப்புச் சுவையுள்ள கிரேப்ஃப்ரூட், சில மருந்துகளை உடைக்கும் குடல் நொதி ஒன்றைத் தடுத்துவிடும், அதனால் வழக்கமான ஒரு மாத்திரையே ரத்தத்தில் பல மடங்கு ஏறிவிடலாம். இதைக் கண்டுபிடித்ததே தற்செயல்தான். 1980-களின் கடைசியில் கனடாவில் ஒரு ரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்தவர்கள், மதுவின் சுவையை மறைக்க கிரேப்ஃப்ரூட் சாறு கலந்தார்கள், கடைசியில் மருந்தின் அளவைக் கூட்டியது அந்தச் சாறு என்று தெரிந்தது. கொழுப்பைக் குறைக்கும் சில ஸ்டாட்டின் மாத்திரைகள், சில ரத்த அழுத்த மாத்திரைகள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களின் மருந்துகள் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். பம்பளிமாஸிலும் இதே தன்மை உண்டு. சாதாரண எலுமிச்சை, ஆரஞ்சுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் மூக்கொழுகலுக்குப் பலர் எடுக்கும் ஃபெக்ஸோஃபெனடின் என்ற அலர்ஜி மாத்திரையை ஆரஞ்சு ஜூஸோடு விழுங்கினால் உடம்பு அதைக் குறைவாகத்தான் உறிஞ்சும். அதைத் தண்ணீரோடுதான் எடுக்க வேண்டும்.

எலுமிச்சைச் சுவையில் வரும் சளிப் பொடிகளையும் பெட்டியைத் திருப்பிப் படித்துவிட்டுக் கலக்குங்கள். வாசனை எலுமிச்சையாக இருந்தாலும் உள்ளே பெரும்பாலும் இருப்பது பாராசிட்டமால். அதையும் குடித்து, தலைவலிக்குத் தனியாக ஒரு பாராசிட்டமால் மாத்திரையும் போட்டால் அளவு கூடிக் கல்லீரல் பாதிக்கப்படலாம். நிறையப் பேர் தெரியாமலேயே இப்படிச் செய்கிறார்கள்.

எலுமிச்சைச் சாற்றை மூக்கில் விடச் சொல்லும் குறிப்புகள் அவ்வப்போது சுற்றும். தயவுசெய்து செய்யாதீர்கள், அது மூக்கின் மெல்லிய சவ்வைப் புண்ணாக்கும். எலுமிச்சைத் தோலை நெற்றியிலும் மார்பிலும் தேய்ப்பதும் வேண்டாம், சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் ஓரிரு நாளில் தீக்காயம் போலக் கொப்புளம் வந்து, கருந்திட்டு வாரக்கணக்கில் நிற்கும். எலுமிச்சைத் தோல் போட்டு ஆவி பிடிப்பதில் மணம் நன்றாக இருக்கும், தோலில் இருக்கும் எண்ணெயின் வாசனை அது. ஆனால் கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் குழந்தைகளின் எண்ணிக்கை கொஞ்சநஞ்சம் இல்லை, பிள்ளைகளுக்கு ஆவி வேண்டவே வேண்டாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் தேன் அளவைக் கணக்கில் வையுங்கள், ஜூஸைவிடச் சுளையாகச் சாப்பிடுவது நல்லது, நார்ச்சத்து இருப்பதால் சர்க்கரை மெதுவாக ஏறும்.

கடைசியாக, எந்தக் கோப்பையும் போதாத நேரம் ஒன்று உண்டு. மூச்சு வாங்குகிறது, மார்பு வலிக்கிறது, இழுப்புச் சத்தம் கேட்கிறது, காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டியும் விடவில்லை, பத்து நாளாகியும் குறையவே இல்லை, அல்லது கொஞ்சம் தேறிய பிறகு திடீரென்று முன்பைவிட மோசமாகிறது என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். மூன்று மாதத்துக்குக் குறைவான குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் வந்தால் அன்றே, அப்போதே போக வேண்டும். குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், வழக்கத்தைவிட மிகக் குறைவாகச் சிறுநீர் போனாலும் அப்படித்தான். தண்ணீர் கொதிக்கட்டும் என்று அடுப்படியில் நின்றுகொண்டிருக்காமல் கிளம்பிவிடுங்கள்.